பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு



இன்று பதிலுரைப் பாடலாக நாம் பாடிய 104-ஆம் திருப்பாடலை வீட்டுக்குப் போய் இன்னொரு முறை எடுத்து வாசியுங்கள். அதில் கடவுள் ஒரு பாகப்பிரிவினை செய்கிறார். நிலத்தை அல்ல, பொழுதைப் பிரிக்கிறார். இருட்டினால் அது காட்டு உயிர்களின் வேளை. இளஞ்சிங்கங்கள் இரை தேடிக் கிளம்புகின்றன. அவை முழங்குவதைத் திருப்பாடலாசிரியர் கடவுளிடம் உணவு கேட்கும் மன்றாட்டாகவே கேட்கிறார். விடிந்ததும் அவை தங்கள் குகைக்குத் திரும்பிவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் மனிதன் வேலைக்குக் கிளம்புகிறான். பங்காளிகள் பொதுக்கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல, ஒரே நிலத்தில் இரண்டு முறை. நம் முறை முடிந்தால் மடையை அடுத்தவருக்குத் திருப்பிவிட வேண்டும்.

ஜவ்வாது மலையில் சிங்கம் கிடையாது. ஆனால் கரடி உண்டு, சிறுத்தை உண்டு, காட்டுப்பன்றி உண்டு, முள்ளம்பன்றி உண்டு. காலையில் சாமைக் கொல்லைக்குப் போகிற தாய்மார்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் நடக்கிற ஒற்றையடித் தடத்தில் உங்களுக்கு முன்பே யாரோ நடந்திருக்கிறார்கள். ஈர மண்ணில் பிளந்த குளம்பின் தடம் இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் விழுந்து கிடக்கும். நேற்று முழுசாக நின்ற புற்று இன்று பிளந்து கிடக்கும். இரவுப் பணியில் இருந்தவர்கள் விட்டுப்போன கையெழுத்து அது. அதை மிதித்துக்கொண்டே போகிறோமே, நின்று வாசித்திருக்கிறோமா?

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு நமக்கு ஒரு வேலை கொடுக்கிறார். வானத்துப் பறவைகளைப் பாருங்கள் என்கிறார். கவலைப்படாதீர்கள் என்பதை மட்டும் நாம் மனதில் வைத்துக்கொண்டு, பாருங்கள் என்பதை விட்டுவிட்டோம். பார்க்காதவனுக்குக் கவலை எப்படிப் போகும்? அவர் சொன்னது மலைப்பொழிவில், திறந்தவெளியில், புல்மேல் உட்கார்ந்திருந்த மக்களிடம். அந்த நேரத்தில் அவர்கள் தலைக்கு மேலே பறவைகள் பறந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். கைநீட்டிக் காட்டித்தான் சொல்லியிருப்பார்.

வேலூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வாரக் கடைசியில் சைக்கிளில் மலையேறி வருகிற இளைஞர்களே, இன்று நம்மோடு திருப்பலியில் இருக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வருகிற சாலையில் நீங்கள் மூச்சு வாங்க மிதித்து ஏறுவதைப் பார்க்கிறேன். ஏற முடியாத வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதையும் பார்க்கிறேன். அந்தத் தள்ளுகிற நேரம்தான் பொன்னான நேரம். அப்போது காதில் காற்றின் இரைச்சல் இல்லை. இலைக்குள் என்ன சலசலக்கிறது என்று கேட்கிறது. திரும்பி இறங்கும்போது அதே சாலை, அதே மரங்கள், ஆனால் எதுவும் கண்ணில் படாது. கண் தார்ச்சாலையில் இருக்கும், கை பிரேக்கில் இருக்கும்.

இப்படிப் பார்க்காமலே போகிறவனைப் பற்றித் திருவிவிலியத்தில் ஒரு கதை உண்டு. எண்ணிக்கை நூல், 22-ஆம் அதிகாரம். பிலயாம் என்கிற இறைவாக்கினர் கழுதைமேல் ஏறிப் போகிறார். வழியில் ஆண்டவரின் தூதர் உருவிய வாளோடு நிற்கிறார். கழுதை பார்க்கிறது, பிலயாம் பார்க்கவில்லை. கழுதை வயலுக்குள் விலகுகிறது, அடிக்கிறார். சுவரோரம் ஒதுங்குகிறது, மறுபடி அடிக்கிறார். போக இடமில்லாமல் படுத்துவிடுகிறது, மூன்றாவது முறையும் அடிக்கிறார். காட்சி காண்பதையே தொழிலாகக் கொண்டவர் அவர். அவருக்குத் தெரியாதது அவர் ஏறிப்போன விலங்குக்குத் தெரிந்தது. அது விலகியிராவிட்டால் பிலயாம் உயிரோடு இருந்திருக்க மாட்டார், கழுதைதான் பிழைத்திருக்கும் என்று தூதரே சொல்கிறார். நம் பாதையில் ஆண்டவர் யாரை நிறுத்தியிருக்கிறார் என்று நம்மைவிட ஒரு வாயில்லா ஜீவனுக்கு முதலில் தெரியலாம் என்பதைத் திருநூலே ஒப்புக்கொள்கிறது.

இப்போது அக்டோபர் மாதம். ஆறுமணிக்குருவி வந்து இறங்குகிற காலம். பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. விடிகிற நேரம் ஒருமுறை, அடைகிற நேரம் ஒருமுறை, இரண்டு சுரத்தில் சீட்டி அடித்ததுபோலக் கூவும். நம் கோவில் மணி மூவேளை செபத்துக்கு அடித்து ஓய்ந்ததும், மேற்கே புதருக்குள் காது கொடுங்கள். மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்குக் குட்டை. கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, முதுகு பச்சை, இறகில் ஒரு துண்டு நீலம், வாலுக்கு அடியில் ரத்தச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு அது மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்து காட்டிக்கொள்வதில்லை. தரையில், நிழலில், சருகைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருக்கும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே மழைக்காலம் முடிந்ததும் தெற்கே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து வந்து களைத்துப்போய், சில சமயம் வீட்டு முற்றத்திலேயே விழுந்து கிடக்கும். அப்படிக் கிடந்தால் பிள்ளைகளே, கையில் தூக்கி வைத்துப் படம் எடுக்காதீர்கள். பூனை வராமல் ஒரு கூடையை நிழலில் கவிழ்த்து வையுங்கள். தெளிந்ததும் கூடையைத் தூக்குங்கள், அது போய்விடும். அந்நியரை வரவேற்பது என்று மறைக்கல்வியில் படித்தீர்களே, இந்த மாதம் அதற்கு ஒரு வாய்ப்பு உங்கள் வாசலுக்கே வருகிறது.

இன்னொரு பறவையையும் சொல்ல வேண்டும். மஞ்சள் தொண்டைச் சின்னான். நம் வீட்டு வேலியில் கத்துகிற கொண்டைக்குருவிக்கு உறவுக்காரன். பாறையும் புதருமான சரிவுகளில் மட்டுமே வாழும். தென்னிந்தியாவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாறையை உடைத்து லாரியில் ஏற்றினால் அதற்குப் போக்கிடம் இல்லை. விலை மலிவான சிட்டுக்குருவி ஒன்றுகூடத் தந்தைக்குத் தெரியாமல் விழுவதில்லை என்று சொன்ன இயேசு, இதையும் எண்ணி வைத்திருக்க மாட்டாரா?

பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அதை நமக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நம் மலையிலேயே இருக்கிறார்கள். காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. மேகம் விலகுமா என்று இரவு முழுதும் காத்திருப்பார்கள். அங்கே 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று நம் கணித மேதையின் பெயரை வைத்தார்கள். அவ்வளவு தொலைவில் இருப்பதைப் பார்க்கவே அத்தனை விழிப்பு. பத்தடி தூரத்துப் புதருக்காகக் கால் மணி நேரம் அசையாமல் நிற்க நம்மால் முடியாதா?

கரடியைப் பற்றிப் பேசாமல் போனால் இந்த மறையுரையை நீங்கள் ஏற்கமாட்டீர்கள். எல்லோருக்கும் அதனிடம் பயம். அந்தப் பயம் நியாயமானது. திடீரென்று எதிரில் போய் நின்றால் அது ஓடாது, பாயும். குட்டியைப் பறிகொடுத்த கரடியின் ஆத்திரம் எப்படிப்பட்டது என்று தாவீதின் காலத்து மக்களுக்கே தெரியும், சாமுவேல் நூலில் அது இருக்கிறது. ஆனாலும் அதை அருகில் அறிந்துகொள்ளுங்கள். கரையான் புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, உதட்டைக் குவித்து உறிஞ்சும். மேல்தாடையில் முன்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. அந்தச் சந்து உறிஞ்சுவதற்கு வசதி. புழுதி ஏறாமல் மூக்கை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். கொன்றைக்காயும் நாவல்பழமும் தின்றுவிட்டு அது போடுகிற எச்சத்தைக் கிளறிப் பாருங்கள், விதைகள் முழுசாக இருக்கும். நாம் நடாத மரங்களை அது நட்டுக்கொண்டு போகிறது. தாய்க்கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் இரை தேடப் போகும். குட்டிகள் அதன் நீண்ட மயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாலைநிலத்தில் ஆண்டவர் தம் மக்களைச் சுமந்து வந்ததை மோசே நினைவூட்டுகிற இடத்தை இணைச்சட்ட நூலில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தாயின் முதுகுதான் கண்ணில் நிற்கிறது.

ஆகவே அந்திக்குப் பிறகு பலாத்தோப்பு வழியாகத் தனியே போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் பேசிக்கொண்டு போங்கள். சைக்கிளில் வளைவு திரும்பும்போது மணியடியுங்கள். கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். நான் வருகிறேன், வழி விடு, அல்லது நான் நின்றுகொள்கிறேன் என்று சொல்கிற மரியாதை அது.

கொல்லை வைத்திருக்கிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. சைக்கிளில் வருகிறவர்களுக்குக் காட்டுப்பன்றி ஒரு காட்சி. உங்களுக்கு அது ஒரு வருடச் சாப்பாடு. கதிர் முற்றுகிற இந்த மாதத்தில் ஒரே இரவில் கொல்லையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனால், படைப்பின் அழகு என்று நான் பேசுவது உங்கள் காதில் எப்படி விழும்? அசிசி நகரத்துத் தூய பிரான்சிசின் விழாவை இந்த மாதம் 4-ஆம் தேதி கொண்டாடினோம். சூழலியலைப் பேணுவோரின் பாதுகாவலராக 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தது இவரைத்தான். கூபியோ ஊரை மிரட்டிய ஓநாயிடம் அவர் போன கதையை மரபு சொல்கிறது. அவர் ஓநாயைக் கொல்லவில்லை, ஊர்மக்களின் பயத்தையும் தள்ளிவிடவில்லை. ஓநாய் பசியால்தான் வருகிறது என்று ஊருக்குச் சொன்னார். இனி தீங்கு செய்யாதே என்று ஓநாய்க்குச் சொன்னார். இரண்டு பேரையும் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். நாமும் இரண்டு பக்கமும் பேச வேண்டும். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனு எழுதப் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள், நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறேன். ஆனால் சுருக்கு வைக்காதீர்கள். வேலியில் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சாதீர்கள். தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைக்கவே வைக்காதீர்கள். தின்ன வந்த வாய் சிதறி, நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிற சாவை எந்த உயிருக்கும் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. நாளை அதை மிதிக்கப்போவது உங்கள் மாடாகவும் இருக்கலாம், உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

காட்டைப் பார் என்று நான் சொல்லும்போது காட்டு மனிதரையும் சேர்த்தே சொல்கிறேன். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவில் செம்மரம் வளரும் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் நம் மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்குப் போனவர்களும் இருந்தார்கள். செம்மரத்தின் விலை யாருக்கோ போனது, சாவு இங்கே வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் திருத்தந்தை பிரான்சிசின் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல் வெளியானது. பூமி அழுவதையும் ஏழை அழுவதையும் சேர்த்துக் கேட்கும்படி அதில் கேட்டுக்கொண்டார். இந்த மலையில் அந்த இரண்டு அழுகையும் ஒரே வீட்டிலிருந்து வருகிறது. இங்கே பறவை பார்க்க வருகிற இளைஞர்களே, வழிகாட்ட நம் ஊர்ப் பையன்களைக் கூட்டிப் போங்கள், அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுங்கள், தேனும் சாமையும் அவர்கள் வீட்டில் வாங்குங்கள். காடு நின்றால் தன் அடுப்பு எரியும் என்று கண்டவன் அதைக் காப்பான்.

மலைச்சாலையில் நாட்டுக்குரங்குகளுக்குச் சிப்ஸ் பாக்கெட் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அது தருமம் அல்ல. அவை மரத்தை விட்டுத் தார்ச்சாலைக்கு இறங்குகின்றன, வண்டியில் அடிபடுகின்றன. அவற்றுக்கு உணவு கொடுக்கிறவர் வேறொருவர் இருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மறைக்கல்விப் பிள்ளைகளும் இளைஞர் இயக்கத்தாரும் கோவில் முற்றத்தில் கூடுங்கள். தேனெடுக்கப் போய்ப் பழகிய நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னே நடப்பார். அவர் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும், அவர் பேசாதவரை யாரும் பேசக்கூடாது. பளிச்சென்ற சட்டை வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம். செல்போனில் குருவிச் சத்தம் போட்டு எதையும் வெளியே இழுக்க வேண்டாம். கூடு கண்டால் அந்த இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எட்டு மணிக்குத் திரும்பி வந்ததும் எல்லோருக்கும் சாமைக் கஞ்சி. சைக்கிளில் வருகிறவர்கள் மணி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.