பரங்கிமலைப் படிகளில்

சென்ற தவக்காலத்தில் நம் பங்கின் இளைஞர் சிலருடன் பரங்கிமலைக்குச் சென்றோம். கும்மிடிப்பூண்டியில் அதிகாலை ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நிலையத்தில் வண்டி மாறி, வெயில் ஏறுமுன் மலையடிவாரத்தை அடைந்தோம். வந்தவருள் பாதிப்பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தோரும் அவருள் இருந்தனர். பாதிப் படி ஏறியபோது அவருள் ஒருவர், தாம் கற்ற தமிழில், "ஃபாதர், பரங்கின்னா என்ன?" என்றார். வெளிநாட்டார் என்றோம். "அப்போ இது வெளியாள் மலையா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கேட்டது உண்மைதானே! சுமார் 300 அடி உயரமுள்ள இக்குன்றில் வெளியாள் கைபடாத இடம் எது? கி.பி. 72-இல் இங்கே மறைசாட்சியாக மரித்தார் என்று மரபு கூறும் தோமா, கலிலேயாவிலிருந்து வந்தவர். உச்சியிலுள்ள ஆலயத்தை 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் போர்த்துகீசியர். 1547-இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருப்பதோ பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. நாம் மிதித்து ஏறிய படிகளை அமைத்துக் கொடுத்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டியவரும் அவரே. 1751-இல் அவர் இறந்தார். உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் ஈரானிலுள்ள ஜூல்பா நகருக்குக் கொண்டுசென்றனர் என்பர். உழைத்த ஊருக்கு உடலும் பிறந்தவர் மண்ணுக்கு இதயமுமாகப் பங்கிட்ட அம்மனிதரை வெளியாள் என்பதா, உள்ளூரார் என்பதா?

உஸ்கான் செல்வர். பாலம் கட்டினார்; பெயரைக் கல்லில் பொறித்தனர். அவர் கட்டிய பாலம் இருந்த இடத்தில் இன்று புதிய பாலம் நிற்கிறது, பெயர் மறையவில்லை. நம் ஊர் உருட்டாலைகளில் உருவாகும் இரும்புக் கம்பி எந்தப் பாலத்துக்குள், எவர் வீட்டுக் கூரைக்குள் போய் மறைகிறதென்று கேட்பாரில்லை. உலையருகே நின்று அதை உருட்டியவனின் பெயர் எங்கும் இல்லை. கல்லை விட்டுச் சென்ற அந்நியருக்கு மட்டும்தான் நாம் நன்றிக்கடன் பட்டவர்களா?

இக்கேள்வி நம்மைச் சுடுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் ஓரிரவு, எட்டு மாதமாக இங்கே வேலை செய்த ஜார்க்கண்ட் இளைஞர் ஒருவர் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று அவருடைய தோழர்கள் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினர். ஊருக்குக் கொண்டுசெல்லப் பணமில்லை; நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும் என்றனர். பங்குப் பேரவையினர் தயங்கினர்: குடும்ப அட்டை இல்லை, சந்தா இல்லை, இடமோ குறைவு. தயங்கியவர் அவர்கள் மட்டுமல்லர். திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டவர் நாம்தான். மறுநாள் நண்பகலில்தான் அது கைப்பேசியில் படமாக வந்துசேர்ந்தது. மாலையில் அடக்கம் செய்தோம். அதுவரை அவ்வுடல் பிணவறையில் கிடந்தது.

சான்று கேட்பது தவறா என்று வாசகர் வினவலாம். தவறன்று, பொறுப்பிலிருப்பவன் கேட்டே ஆகவேண்டிய நேரங்கள் உண்டு. ஆனால் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பை நாம் குருமடத்தில் கற்றவர். ஓரிடத்தில் மூன்று மாதம் வாழ்ந்தவர் அங்கே ஒருவகை உறைவிடம் பெறுகிறார் என்கிறது 102-ஆம் எண். உறைவிடமே இல்லாது அலைபவனுக்கும், அவன் அப்போது தங்கியிருக்கும் இடத்தின் பங்குத்தந்தையே பங்குத்தந்தை என்கிறது 107-ஆம் எண். எட்டு மாதமும் அவ்விளைஞர் நம் பங்கைச் சேர்ந்தவரே! ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் நின்றவர் என்று தோழர்கள் சொன்னார்கள். நாம் அவர் பெயரைக் கேட்டதில்லை. அவரிடம் தாள் இல்லை என்று சொன்ன நம்மிடம்தான் அறிமுகம் இல்லாதிருந்தது. தாளைக் கேட்டது அக்குறையை மறைக்கவோ என்று இன்றும் ஐயுறுகிறோம்.

மலையுச்சியில் திருப்பலி முடிந்தபின் இளைஞர் சுற்றுச்சுவரருகே நின்று, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கேள்வி கேட்டவர் மட்டும் அச்சிலுவையின் எழுத்தை நெடுநேரம் நோக்கி நின்றார். "படிக்க முடியலையே, ஃபாதர்" என்றார். இந்நாட்டிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர் என்றோம்.

இறந்த இளைஞரின் கல்லறையில் மரச்சிலுவை ஒன்று மட்டுமே நிற்கிறது, பெயர்ப்பலகை இல்லை. திரும்பும் வழியில், ரயிலில், அவர் பெயரையும் ஊரையும் தமிழில் எப்படி எழுதுவது என்று அத்தோழரிடம் கேட்டோம். அவர் இருமுறை உச்சரித்துக் காட்டினார். பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டோம்.