பைகளுக்குக் காவல் இருப்பவர்

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் மைசூரு செல்லும் அன்பர்கள் பலர். மேட்டகள்ளியிலுள்ள ஜி.ஆர்.எஸ். ஃபேன்டசி பார்க்கில் குழந்தைகள் நாளெல்லாம் நீரில் விளையாடுவர். எத்தனை மணிக்குப் புறப்படுவது, மதிய உணவு எங்கே என்றெல்லாம் திட்டமிடுகிறோம். பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு நிழலில் அமரப்போவது யார் என்று மட்டும் எவரும் பேசுவதில்லை. பேசாமலேயே அது பாட்டியாகிவிடுகிறது. பாட்டி வராவிட்டால் அம்மா.

"எனக்கெதற்கு இதெல்லாம், நீங்கள் போங்கள்" என்பார். அதை உடனே நம்பிவிடுவது நமக்கு வசதி!

1892-இல் மைசூரு மன்னர் சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராகத் தங்கினார் சுவாமி விவேகானந்தர். பிறருக்காக வாழ்வதே வாழ்வு என்னும் கருத்தை அம்மன்னருக்கு 1894-இல் சிகாகோவிலிருந்து எழுதிய கடிதத்தில் வலியுறுத்தினார். அக்கடிதம் ஏழை எளியோரை எண்ணி எழுதப்பட்டது, பாட்டிக்காக அன்று. ஆயினும் அந்தப் 'பிறர்' நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறார். தொலைவில் உள்ளவருக்குச் சேவை செய்யும் நம் கண்ணில் அவர் எளிதில் படுவதில்லை.

ஆகவே புறப்படுமுன் அவரிடமே கேளுங்கள். பைகளை லாக்கரில் வைக்கலாம். இல்லையேல் அரைமணிக்கு ஒருவராகக் காவல் இருக்கலாம். மாலையில் சாமுண்டி மலைக்குப் படியேறாமல் வண்டியிலேயே சென்று அம்மனைத் தரிசிக்கலாம். அலைக்குளத்தில் பேரனின் கையைப் பிடித்துக் கணுக்கால் நனைய நிற்க வேண்டும் என்பார் ஒருவேளை. பெரும்பாலான நீர்ப் பூங்காக்களில் சேலையுடன் இறங்க விடுவதில்லை. அவருக்கேற்ற உடையை முதல் நாளே வாங்கி வையுங்கள்.