எச்சரிக்கையும் தீர்ப்பும்

2004 டிசம்பர் 26இன் கடற்கோளுக்குப் பிந்திய வாரங்களில் எங்கள் கரையோரத்தில் இரண்டு பேச்சுகள்தான் நடமாடின. ஒன்று நிவாரணம், மற்றது பாவம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று ஜனாஸாக்களை அடக்கிய மண் காய்வதற்குள் சில மிம்பர்களிலிருந்து காரணம் சொல்லப்பட்டுவிட்டது. பெண்களின் உடுப்பு, தொலைக்காட்சி, கல்யாண வீட்டு ஆடம்பரம். நான் கேட்ட பட்டியல்களில் தராசு இருக்கவில்லை. களுத்துறைக் கரையில் பின்வாங்கிய நீரைச் செய்மதி எடுத்த படத்தில் அல்லாஹ்வின் திருநாமம் தெரிகிறதென்று அதைப் பிரதியெடுத்துக் கைக்குக் கை கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

எச்சரிக்கை எங்களுக்குப் புதிதல்ல. நபிமாரை நற்செய்தி சொல்பவர்கள் என்றும் எச்சரிப்பவர்கள் என்றும் அல்குர்ஆன் அழைக்கிறது. ஆனால் எச்சரிப்பது வேறு, நடந்து முடிந்ததற்குத் தீர்ப்பு எழுதுவது வேறு. இந்த வேறுபாடு எனக்குத் துலக்கமானது யூதர்களின் எபிரேய வேதத்தை வாசித்தபோதுதான்.

யூனுஸ் (அலை) அவர்களின் கதை நமக்கும் தெரியும். யோனா என்ற பெயரில் அங்கே வருகிறார். நாற்பது நாளில் நினிவே அழியும் என்கிறார். ஊர் கேட்கிறது. அரசன் சாம்பலில் உட்காருகிறான். ஆடு மாடுகளுக்குக்கூட இரட்டுத் துணி போர்த்துகிறார்கள். அழிவு வரவில்லை. யோனாவுக்குக் கோபம் வருகிறது, சொன்ன சொல் பொய்த்துப்போயிற்றே என்று. இறைவனோ, வலக்கை இடக்கை தெரியாத ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பேரும் இத்தனை கால்நடைகளும் உள்ள ஊருக்கு நான் இரங்கக்கூடாதா என்ற கருத்தில் அவரிடம் கேட்கிறான். எச்சரிக்கை பலிக்காமல் போவதுதான் அதன் வெற்றி. யூனுஸ் நபியின் சமூகம் ஈமான் கொண்டதால் வேதனை நீக்கப்பட்டதை அல்குர்ஆனும் சொல்கிறது.

ஆமோஸ் தெக்கோவா என்ற ஊரின் இடையர். காட்டத்தி மரங்களையும் பராமரித்தவர். கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டில், வட இஸ்ரவேல் செழித்திருந்த நாளில், ஒரு பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருடம் முன்னர் அவர் பேசியதாக அந்நூலின் முதல் வசனமே குறிக்கிறது. அவர் குற்றம் சாட்டியது யாரை? ஒரு சோடிச் செருப்புக்காக ஏழையை விற்றவர்களை, மரக்காலைச் சிறிதாக்கியவர்களை, கள்ளத் தராசு பிடித்தவர்களை. நமது சுஐப் (அலை) மத்யன்வாசிகளிடம் சொன்னதும் இதையேதான். ஆமோஸை ஊரைவிட்டுப் போகச் சொன்னவனோ பெத்தேல் ஆலயத்தின் பூசாரி. அரசனின் ஆலயத்தில் இதெல்லாம் பேசக்கூடாதாம்.

எங்கள் ஊர்களின் அமைப்பை அறிந்தவர்களுக்கு ஒரு விடயம் விளங்கும். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் நெருக்கியடித்த வீடுகள். பிரதான வீதிக்குக் கிழக்கே, மணலோடு மணலாக இருந்தவர்களில் மிகப் பலர் மீனவர்களும் கூலிகளும். அம்பாறை மாவட்டத்தில் இறந்த பல்லாயிரம் பேரில் பெருந்தொகையினர் அந்தக் கரையில்தான் போனார்கள். அலை பாவத்தைப் பார்த்து வந்ததென்றால் அதற்கு வீதியைக் கடக்கத் தெரிந்திருக்கவில்லை. முகாமில் ஒரு உம்மா என்னைக் கேட்டார்: “என்ட புள்ளையள் என்ன பாவம் தம்பி செஞ்ச?” மூத்த பிள்ளைக்கு ஒன்பது வயது. அந்தக் கேள்வியை அவருக்குக் கொடுத்தது கடலல்ல, குத்பா.

ஆது, ஸமூது கூட்டங்கள் அழிக்கப்படவில்லையா என்று கேட்பார்கள். ஆம். அவர்கள் ஏன் அழிக்கப்பட்டார்கள் என்பதை வஹீ சொல்லித்தான் நாம் அறிகிறோம். வஹீ முற்றுப்பெற்றுவிட்டது. பாண்டிருப்பில் இறந்த ஒருவரின் கணக்கு எந்த வழியாக ஒரு மௌலவிக்கு வந்து சேர்ந்தது? நீரில் மூழ்கி மௌத்தானவர் ஷஹீத் என்பது நபிமொழி. அதே மிம்பரில் ஷஹீதுகளையே குற்றவாளிகளுமாக்குவது எப்படி?

எபிரேய வேதத்தில் எல்லாம் ஒரே குரலல்ல. இறைவனின்றி ஊருக்குத் தீங்கு வராது என்ற கருத்து ஆமோஸிடமே உண்டு. ஜெரூசலம் வீழ்ந்தபின் எழுந்த புலம்பல் நூலும் பாவத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அங்கே பேசுவது அழிவுக்குள் கிடக்கும் வாய். “நாங்கள் பிழை செய்தோம்” என்ற பொருளில். “அவர்கள்” என்று சொன்னவர்கள் ஐயூப் (அலை) அவர்களைப் பார்க்க வந்த நண்பர்கள். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் கூட இருந்தார்கள். அதுவரை நல்லவர்கள். பிறகு வாய் திறந்து, நீ ஏதோ செய்திருக்கிறாய் என்றார்கள். நூலின் முடிவில் இறைவன் கோபிப்பது அவர்கள்மீதுதான்.

இனி, சொல்லப்படாத எச்சரிக்கைகளுக்கு வருவோம். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து அலை இங்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கும் ஏற்பாடே அன்று இருக்கவில்லை. 2012 ஏப்ரல் 11இல் இருந்தது. சனம் கரையைவிட்டு ஓடியது, அழிக்கும் அலை வரவில்லை. யோனாவுக்கு வந்த கோபம் அன்று யாருக்கும் வந்திருக்க நியாயமில்லை.

சவூதி அரேபியாவின் பணத்தில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் ஐந்நூறு வீடுகள் கட்டப்பட்டன. எந்த இனத்துக்கு எத்தனை வீடு என்ற இழுபறி நீதிமன்றம் வரை போயிற்று. பல வருடங்கள் அவை ஆளின்றிக் கிடந்தன. சுவர்களில் செடி முளைத்தது. அவற்றுக்காகக் காத்திருந்தவர்கள் தகரக் கொட்டில்களிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் இருந்தார்கள். கடற்கோளுக்குக் காரணம் கண்டுபிடித்த மிம்பர்களில் இந்த வீடுகளைப் பற்றி ஒரு குத்பாவையும் நான் கேட்கவில்லை. ஆமோஸ் அந்தப் பக்கம் வந்திருந்தால் முதலில் அந்தப் பூட்டிய கதவுகளின் முன்னால்தான் நின்றிருப்பார்.