வெண்ணிற ஆடையும் அடங்காத குரலும்

அணைக்கட்டுப் பகுதியிலிருந்து ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பேருந்தேறிச் செல்லும் பெண்களுள் ஒருவர், முன்பெல்லாம் வழிநெடுகப் பாடிவருவார். கணவர் இறந்தபின் அவர் பாடுவதில்லை. "தாலியறுத்தவளுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று ஊரார் கேட்டார்களாம். அக்கேள்வி என் நெஞ்சை உறுத்துகிறது. ஒருவர் எதைத் துறக்கவேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்குரியது?

கே. பி. சுந்தராம்பாளை எண்ணிப் பார்க்கிறேன். 1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே நாடக மேடையேறியவர். உடன் நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அதன்பின் வெள்ளைச் சேலை உடுத்தினார், அணிகலன்களைக் களைந்தார், எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதிபூண்டார்.

ஆனால் குரலைத் துறக்கவில்லை. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் அந்நாளில் பெருவியப்பு. 1953இல் ஔவையாராகவும், 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகவும் வந்தார். சட்டமேலவையிலும் அமர்ந்தார். 1969ஆம் ஆண்டின் 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றபோது அறுபதைக் கடந்திருந்தார். 1980இல் மறைந்தார்.

"கைம்பெண்ணிடம் அன்றைய சமூகம் எதிர்பார்த்ததைத்தானே அவரும் செய்தார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெள்ளைச் சேலையை வழக்கமே அவர் கையில் தந்திருக்கலாம். ஆனால் அதே வழக்கம் அவரை வீட்டின் மூலையிலும் அமர்த்தியிருக்குமே! நிறத்தை ஏற்றவர் மூலையை ஏற்கவில்லை. எதை விடுவது, எதை விடாதிருப்பது என்பதைத் தம் மனச்சான்றைக் கொண்டே அளந்தார். ஆகவேதான் அவருடைய துறவு அவரைச் சிறுமைப்படுத்தவில்லை.

ஏழைக் கைம்பெண் இட்ட இரு காசுகளை ஆண்டவர் போற்றினார். அவள் மனமுவந்து தானே இட்ட காசுகள் அவை. அவற்றைப் பிறர் அவள் கையிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் போட்டிருந்தால், அதற்குக் காணிக்கை என்றா பெயர்? கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை ஆண்டவர் கண்டித்ததும் அதற்குச் சற்று முன்புதான் என மாற்கு நற்செய்தி சொல்கிறது. வீட்டை விழுங்குவது பாவமென்றால், குரலை விழுங்குவது என்ன?

அந்தப் பேருந்துச் சகோதரிக்குத் துயரம் மிகுந்து மௌனமே ஆறுதலென்றால், அவர் மௌனம் காக்கட்டும். அது அவருடைய காணிக்கை. பாட்டு அவர் தொண்டைவரை வந்து நம் பேச்சுக்கு அஞ்சித் திரும்பிப் போகிறதென்றால், கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள் நாம்.