வேண்டியவாறு அச்சிடுவித்தல்: புடைவை அச்சு எழுப்பும் ஓர் அறவினா

ஒருவர் தாம் விரும்பிய உருவத்தைத் துணியில் அச்சிடுவித்துப் பெறுவதற்கு இன்று வேண்டப்படுவன சிலவே. உருவத்தின் கணினிக் கோப்பு ஒன்று; பருத்தியா, பட்டா, பொலியெஸ்தரா என்னும் தெரிவு; எத்தனை யார் என்னும் அளவு; அவ்வுருவம் துணியின் நீள அகலங்களில் எவ்வாறு மீள மீள வரவேண்டும் என்னும் குறிப்பு. நேர்வரிசையில் வரலாம், அடுத்த வரிசை அரைப்பங்கு கீழிறங்கியும் வரலாம், கண்ணாடியிற் காண்பதுபோல இடம்வலம் மாறியும் வரலாம். பணம் செலுத்துவதற்கு முன் அச்சகங்கள் பெரும்பாலும் மற்றொன்றையும் வேண்டுகின்றன. இவ்வுருவத்தைப் பயன்படுத்தும் உரிமை தமக்குண்டு என்று கட்டளையிடுபவர் உறுதிகூற வேண்டும். சிறு கட்டம் ஒன்றினுள் ஓர் அடையாளம் இட்டால் அவ்வுறுதி நிறைவேறிவிடுகிறது. கையொப்பமும் இல்லை, சாட்சியும் இல்லை. கோயிலிற் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த சமூகத்தினர்க்கு இது ஒரு சத்தியமாகவே தோன்றாதிருத்தல் வியப்பன்று.

எனினும் அது ஒரு சத்தியமே. அக்கட்டத்தில் அடையாளமிடுபவர் எதற்கு உறுதிகூறுகிறார்? சட்டம் தம்மைத் தண்டிக்காது என்பதற்கா? அன்றி, அவ்வுருவத்தை முதலில் ஆக்கியோர் முன் தாம் கூசாமல் நிற்க முடியும் என்பதற்கா? இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முற்காலத்தில் இவ்வினா பரவலாக எழாமைக்கு மனிதரின் ஒழுக்கம் காரணமன்று, செலவே காரணம். மர அச்சுக்கட்டை ஒன்றைச் செதுக்கப் பல நாட்கள் சென்றன. 1783இல் தோமஸ் பெல் காப்புரிமை பெற்ற உருளை அச்சுமுறையில் நிறத்துக்கு ஒன்றாகச் செப்பு உருளைகளிற் கோலத்தைப் பொறிக்க வேண்டியிருந்தது. பின்வந்த திரை அச்சிலும் நிறத்துக்கு ஒரு திரை. 1963இல் ஒல்லாந்தின் ஸ்ரோர்க் நிறுவனம் ஹனோவர்க் கண்காட்சியிற் காட்டிய சுழல்திரைப் பொறி வேகத்தைப் பெருக்கிற்றேயன்றி இந்நியதியை மாற்றவில்லை. ஒரு கோலம் துணியில் ஏறவேண்டுமாயின் அதனைப் பெருந்தொகையில் விற்கலாம் என்று ஒரு வணிகர் நம்ப வேண்டும். வரைபவர் வரைய வேண்டும். பொறிப்பவர் பொறிக்க வேண்டும். தனியொருவரின் விருப்பத்துக்கும் துணிக்கும் இடையிற் பலருடைய கண்களும் கைகளும் நின்றன. அவர்கள் அறத்தின் காவலர் அல்லர். ஆயினும் ஒரு தாமதத்தை உண்டாக்கினர். தாமதத்திற் சிந்தனைக்குச் சிறிது இடமுண்டு.

மைத்தாரைப் பொறி அத்தாமதத்தை நீக்கியது. கட்டையும் இல்லை, திரையும் இல்லை. முதல் யாருக்கும் ஆயிரமாவது யாருக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. 2008இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் தொடங்கிய ஸ்பூன்பிளவர் என்னும் நிறுவனம், வீட்டிலிருப்போர் தாமே அமைத்த கோலத்தை ஒரு யார் அளவிலும் அச்சிட்டுப் பெறலாம் என்னும் நிலையை ஏற்படுத்தியது. இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. விற்பனையாகாத துணி பண்டசாலையில் தேங்குவதில்லை. கடைக்காரர் தருவதையே உடுத்த வேண்டும் என்னும் கட்டாயமும் தளர்கிறது.

இம்முறையில் மனிதக் கை அறவே அற்றுவிட்டது என்னும் எண்ணம் மட்டும் பிழையானது. பருத்திக்குரிய சாயம் பற்றுவதற்கு, துணியை முன்னரே சோடா, யூரியா, கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்று முதலியவற்றால் பதப்படுத்த வேண்டும். அச்சிட்டபின் நீராவியில் வைத்து, பற்றாத சாயம் போகும்வரை கழுவ வேண்டும். கணினித் திரையின் நிறம் ஒளியால் ஆனது. துணியின் நிறம் சாயத்தால் ஆனது. திரையில் ஒளிரும் பச்சை துணியில் மங்கிவிடும் என்பதைக் கட்டளையிடுபவர் அறியார்; அச்சாளர் அறிவார். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. அறிவுடையவர் பேசுதற்கு இடமில்லை. விருப்பமுடையவர் கேட்டற்கு இடமில்லை.

கட்டளையிட்டுத் துணியில் உருவம் பெறுதல் புதிய வழக்கமன்று. சோழமண்டலக் கரையின் வரைதுணிகள் இதற்குச் சிறந்த சான்றாகும். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்த நீரில் தோய்த்து, படிகாரக் கரைசலாலும் இரும்புக் கரைசலாலும் எழுதுகோல் கொண்டு வரைந்து, சாயவேரில் இட்டுச் சிவப்பேற்றி, மெழுகு பூசி அவுரியில் நீலமேற்றிய அத்தொழிலுக்கு வேண்டிய சாயவேர் மன்னாரினதும் யாழ்ப்பாணத்தினதும் மணற்பாங்கான நிலங்களிலும் தோண்டப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தம் தனியுரிமைப் பொருள்களுள் ஒன்றாக வைத்திருந்தனர். வேரைத் தோண்டியவர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர், உடுத்தவர் கடல்கடந்த மற்றொருவர். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கம்பனியார் தம் நாட்டாரின் விருப்பத்துக்கேற்ப, சிவந்த தளத்தை விடுத்து வெண்தளத்திற் பூக்கொடிகள் வேண்டுமென்று எழுதினர். பார்த்து வரையுமாறு மாதிரிகளையும் அனுப்பினர். இன்றைய கோப்புக்கு அம்மாதிரிகளே முன்னோடி.

ஆயினும் வரைபவர் அனுப்பியதை அப்படியே படியெடுத்துவிடவில்லை. தாம் காணாத நாட்டின் பூவைத் தம் கையறிந்த வளைவுகளால் வரைந்தார். இங்கிலாந்தினதும் அன்று, இந்தியாவினதும் அன்று, சீனத்தினதும் அன்று எனத்தக்க ஒரு தாவரம் துணியிற் பூத்தது. இவ்வழகு கட்டளையிட்டவர் கேட்டதன்று. கேட்டதற்கும் செய்ததற்கும் இடையிலிருந்த இடைவெளியிற் பிறந்தது. அத்துணிகளின் வெற்றி ஐரோப்பிய நெசவாளரை அஞ்சச்செய்து, பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடைக்கு உள்ளாயிற்று. இங்கிலாந்தும் 1700இலும் 1721இலும் தடைச்சட்டங்கள் இயற்றியது. தடைவிதித்த அரசர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. வரைந்தவர்களின் பெயர்கள் இல்லை.

1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி, கைவினைஞர் பிறர் தேவைக்காகவும் பிறர் வேண்டியவாறும் ஆக்குவதை இழிவாகக் கருதவில்லை. மரபுவழிச் சமூகங்களிற் கலை அவ்வாறே நிகழ்ந்தது என்பதும், வேண்டுவோரும் ஆக்குவோரும் ஒரே விளக்கத்தைப் பகிர்ந்துகொண்டனர் என்பதும் அவர் பல்லாண்டுகள் வலியுறுத்திய கருத்துக்களாகும். இக்கருத்தை இன்றைய நிலையோடு ஒப்பிடுமிடத்து ஒன்று தெளிவாகும். வேண்டுவோர் இருக்கிறார்; பொருள் இருக்கிறது; ‘இது இவ்வாறு வராது’ என்றோ, ‘இதனை நான் வரையமாட்டேன்’ என்றோ சொல்லக்கூடிய நடுவர் இல்லை. மறுக்கும் வாய்ப்புடைய ஒருவர் முன் வைக்கப்படும் வேண்டுகோளும், மறுக்க இயலாத பொறிமுன் வைக்கப்படும் வேண்டுகோளும் ஒரே செயல்களல்ல. முன்னதிற் பாதிப் பொறுப்பு செய்பவரைச் சாரும். பின்னதில் அது முழுவதும் கேட்பவர் மீதே வந்துசேர்கிறது. பொறி அவருக்குச் சுதந்திரத்தை அளித்ததாகச் சொல்லப்படுகிறது. அதனுடன் சுமையையும் அளித்திருக்கிறது.

படியெடுத்தலே தீது என்பார் உளர். அவர் கூற்றை ஏற்றல் அரிது. காஞ்சிப் பட்டின் கரையில் வரும் மாங்காய் வடிவம் காசுமீரச் சால்வையிலும் உண்டு. அச்சால்வையைப் பார்த்து நெய்த ஸ்கொத்லாந்து நகரான பெய்ஸ்லியின் பெயரே ஆங்கிலத்தில் அவ்வடிவத்தின் பெயராயிற்று. ஒருவர் கோலத்தை மற்றொருவர் எடுத்தாளாதிருந்தால் புடைவைக்கு வரலாறே இல்லை. ஆகவே எடுத்தாளலாமா என்பதன்று வினா. எதனை, யாரிடமிருந்து, எந்த உறவில் என்பதே வினா.

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதனை விளக்கும். ஆர்னெம் லாந்தைச் சேர்ந்த ஜொனி புலுன் புலுன் என்னும் ஆதிக்குடி ஓவியர், தம் கனல்பிங்கு மக்களின் புனித நீர்நிலை ஒன்றையும் அங்குள்ள வாத்தினப் பறவைகளையும் அல்லிகளையும் மரப்பட்டையில் வரைந்திருந்தார். அந்நீர்நிலை அம்மக்களின் ஆதிமூதாதை தோன்றிய இடம். நிறுவனமொன்று அவ்வோவியத்தை ஒத்த உருவங்கள் பதித்த துணியை அவரது அனுமதியின்றி இறக்குமதி செய்து விற்றது. 1998இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி வொன் டூசா அளித்த தீர்ப்பிற் சிந்தனைக்குரிய ஒரு பகுதி உண்டு. பதிப்புரிமை ஓவியருடையதே, குலத்தினர் அதன் கூட்டு உரிமையாளர் அல்லர். ஆனால் குலத்தின் மரபறிவைத் தாங்கிய அவ்வோவியத்தைக் குலத்தின் நலனுக்கு மாறாகப் பயன்படுத்தாதிருக்கும் நம்பிக்கைக் கடப்பாடு ஓவியருக்கு உண்டு. வரைந்த கைக்கே முழுச் சுதந்திரம் இல்லை என்பது இதன் பொருள். அவ்வாறாயின், படத்தைக் கணினியிற் கண்டு, அழகென மகிழ்ந்து, மெத்தை உறைக்கென இரண்டு யார் அச்சிடுவிப்பவரின் நிலை யாது?

அவர் சட்டத்துக்கு அஞ்சத் தேவையில்லை எனலாம். ஒரு வீட்டின் மெத்தை உறையைத் தேடி எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆயினும் அதன் கண் முதன்மையாக வணிகத்தின் மீதே இருக்கிறது. தனியொருவரின் இரண்டு யார் சட்டத்தின் சல்லடையில் தங்குவதில்லை. அது தங்காத இடத்திலேதான் மனச்சாட்சிக்கு வேலையுண்டு. சட்டம் வாளாவிருத்தலை அனுமதி எனக் கொள்வது, இடப்பட்ட அடையாளத்தைச் சத்தியம் எனக் கொள்வதிலும் பெரிய பிழையாகும்.

இன்னொரு சிக்கல் உருவத்தைப் பற்றியதன்று. உழைப்பின் சுவட்டைப் பற்றியது. யாவாவின் பத்திக் துணியில், சாந்திங் என்னும் சிறு செப்புக் குழலால் உருகிய மெழுகை வார்த்து வரைந்தபின் துணி சாயத்தில் இடப்படும். மெழுகு வெடித்த இடத்திற் சாயம் கசிந்து நரம்புபோன்ற கோடுகள் தோன்றும். நுட்பமான கைவினைஞர்க்கு அது தவிர்க்கத்தக்க குறை. 1846இல் ஹெல்மொண்டில் தொடங்கிய ஒல்லாந்த நிறுவனமான விலிஸ்கோ போன்றவை பொறியால் பத்திக்கைப் போலச் செய்தபோது, பயன்படுத்திய பிசின் வெடித்து அக்கோடுகள் மிகுந்தன. யாவா மக்கள் அதனை விரும்பவில்லை. மேற்கு ஆபிரிக்க மக்கள் ஒரு துணியைப் போல் மற்றொன்று இல்லாத அவ்வியல்பையே விரும்பி ஏற்றனர். இதுவரை எல்லாம் நேர்மையே. குறை குறையாகவே நிகழ்ந்தது. ஒரு சாரார் வெறுத்தனர், ஒரு சாரார் விரும்பினர். இன்றோ மைத்தாரைப் பொறி அவ்வெடிப்பையும் அச்சிடுகிறது. மெழுகு இல்லை, வெடிப்பு இல்லை, வெடிப்பின் படம் உண்டு. கோலம் மீளுமிடமெல்லாம் ஒரே வெடிப்பு ஒரே இடத்தில் மீள்கிறது. கண்டவர் ‘கைவேலை’ என்று எண்ணுவர் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. 2009இல் யுனெஸ்கோ இந்தோனேசிய பத்திக்கை மானிடத்தின் பண்பாட்டு மரபாகப் பதிந்தபோது, பதியப்பட்டது கோலம் மட்டுமன்று, மெழுகோடும் காலத்தோடும் கூடிய தொழிலுமாகும். பூவைப் பூவாக அச்சிடுதலிற் பொய்யில்லை. செய்யாத உழைப்பைச் செய்ததாகக் காட்டுதலிற் பொய்யுண்டு. அப்பொய் பிறரைச் சேருமுன் உடுத்துபவரையே சேருகிறது.

இனி வேறொரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். இறந்த தாயின் பழைய சேலை ஒன்று மகளிடம் உள்ளது. இழை நைந்து உடுத்த முடியாத நிலை. அதன் தலைப்பைப் படமாக்கி இரண்டு யார் பருத்தியில் அச்சிடுவித்து, தன் பெண்ணுக்குச் சட்டை தைக்க அவள் விரும்புகிறாள். அக்கோலத்தை அமைத்தவர் எவரென அறியாள். எவ்வூர்த் தறியில் நெய்யப்பட்டது என்பதும் அறியாள். தாய் இருந்தபோது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உரிமைக் கட்டத்தின் முன் அவள் தயங்குகிறாள். விற்பதற்கன்று என்பது ஒரு விடையே. ஆயினும் கட்டம் அதனைக் கேட்கவில்லை. கோப்பைப் பரிசோதித்த அச்சாளர், வழமைக்கு மாறாக, எழுதிக் கேட்கிறார்: படத்தின் ஓரத்தில் ஒழுங்கற்ற கோடு ஒன்று தெரிகிறது, படமெடுத்ததில் நேர்ந்த பழுதாயின் நீக்கிவிடலாமா?

அது கிழிந்த இடத்தைத் தாய் தன் கையால் இழையோடிய தையல். அதனை அச்சிடுவதும் அச்சிட்ட மெழுகு வெடிப்பும் பொறியைப் பொறுத்தவரை ஒன்றே. அதனை அவ்வாறே விடுமாறு மகள் மறுமொழி எழுதுகிறாள். பின்னர் சேலையை விரித்து, கரையில் எங்கேனும் ஓர் ஊரின் பெயரோ நெய்தவரின் குறியோ இருக்கின்றதா என்று தேடத் தொடங்குகிறாள். கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.