பழைய வீடா, புதிய வீடா?

ஒரு வீடு இடிந்து மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. அதே இடத்தில், அதே அளவில், அதே வண்ணத்தில் இன்னொரு வீட்டை எழுப்புகிறார்கள். இது பழைய வீடா, புதிய வீடா? பழையது என்று சொன்னால் அது பொய்யாகுமா?

வேலையற்றவர்களின் தர்க்கம் போல இது தோன்றலாம். கிரேக்க அறிஞர்கள் ஒரு கப்பலை வைத்துக்கொண்டு இதே கேள்வியில் மோதிக்கொண்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். தீசியஸ் என்ற வீரன் ஏறிவந்த கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்தார்கள். பழுதான பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகைகளைப் பொருத்திக்கொண்டே வந்தார்கள். அதே கப்பல்தான் என்றார்கள் சிலர். இல்லவே இல்லை என்றார்கள் சிலர். இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். வார்சா நகரத்தின் பழைய சந்தைச் சதுக்கத்தில் நின்ற அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1990-களின் நடுவில் நான் பெர்லினில் மாணவனாக இருந்தேன். ஒரு கோடை விடுமுறையில் மூன்று பேர் ரயிலேறி வார்சாவுக்குப் போனோம். ஒருத்தி அந்த ஊர்ப் பெண். கட்டடக் கலை பயின்றவள். இன்னொருவன் ஜெர்மானியன், சரித்திர மாணவன். மூன்றாவது ஆள் நான்.

சதுக்கத்தைச் சுற்றி மஞ்சளும் செம்மண் நிறமும் பச்சையுமாக உயர்ந்த, ஒடுங்கிய வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நின்றன. "இவற்றுக்கு எத்தனை நூறு வயது இருக்கும்?" என்று கேட்டேன்.

"நாற்பது சொச்சம்" என்றாள் அவள்.

வேடிக்கைக்குச் சொன்ன பதில் அல்ல அது. 1944 ஆகஸ்டு 1 அன்று வார்சா மக்கள் நாஜிப் படைகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். 63 நாட்கள் போராடி அக்டோபர் 2-இல் தோற்றார்கள். நகரத்து மக்களில் ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். எஞ்சியவர்களை வெளியேற்றிவிட்டு, ஆளில்லாத நகரத்தைத் தெருத் தெருவாகத் தீயிட்டும் வெடிவைத்தும் அழித்தார்கள். 1945 ஜனவரியில் பார்த்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் இடிபாடு. அந்த இடிபாட்டின் மேல் எழுப்பிய சந்தைச் சதுக்கத்தை 1953-இல் திறந்துவைத்தார்கள்.

எதைப் பார்த்துக் கட்டினார்கள்? அவள் சொன்ன விடை என்னை உலுக்கியது. போருக்கு முன்பே வார்சாவின் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் பழைய கட்டடங்களை முழம் முழமாக அளந்து வரைபடம் போட்டிருந்தார்கள். அந்த வரைபடங்களை, நகரம் அழிந்துகொண்டிருந்த வேளையில், பேராசிரியர் சிலர் உயிரைப் பணயம் வைத்து வெளியே கடத்திப் பியோத்ர்கூப் என்ற ஊரின் மடாலயத்தில் ஒளித்துவைத்தார்கள். அவற்றோடு, 18-ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெலோட்டோ தீட்டிய நகரக் காட்சிகளும் துணை நின்றன.

ஜெர்மானிய நண்பன் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது மெல்லச் சொன்னான்: "அந்த ஓவியர் அழகுக்காகச் சில இடங்களில் கூட்டியும் குறைத்தும் தீட்டியவர். அதைப் பார்த்துக் கட்டிய முகப்பு. முகப்புக்குப் பின்னால் இந்தக் காலத்துக் குடியிருப்பு. இது நாடகத் திரைச்சீலை அல்லவா? என் தாத்தாவின் தலைமுறை செய்த பாவம் இங்கே கண்ணுக்கே தெரியவில்லை. இடிபாட்டை அப்படியே விட்டிருந்தால் நாங்கள் வந்து பார்த்துத் தலைகுனிந்திருப்போம்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்கள் தலைகுனிய வேண்டும் என்பதற்காக என் பாட்டி காலமெல்லாம் நிலவறையில் குடியிருக்க வேண்டுமா? 1945-இல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவள் அவள். ஊர் என்பது குற்றவாளிக்குப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் இல்லை, குடியிருக்கிற இடம்."

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நியாயமும் நியாயமும் மோதும்போது நடுவில் நிற்பவனுக்குப் பசிதான் துணை. பக்கத்தில் மலிவான உணவுக்கடை ஒன்றில் நுழைந்து, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பியான பியெரோகியை வாங்கி மௌனமாகத் தின்றோம்.

மௌனத்தை அவளே கலைத்தாள். "உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வீடுகளுக்குச் செங்கல் போதவில்லை. வ்ரோத்ஸ்லாவிலிருந்து ரயில் ரயிலாகக் கொண்டுவந்தார்கள். இடிபாட்டுச் செங்கல் மட்டும் அல்ல. பழுது பார்த்தால் நிற்கக்கூடிய வீடுகளையும் இடித்தார்கள்."

1945 வரை வ்ரோத்ஸ்லாவ் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரம். அவனுடைய மக்கள் வாழ்ந்த வீடுகளின் செங்கல் இவளுடைய சுவரில் இருக்கிறது! தர்ம காரியத்தின் கணக்கிலும் பற்று என்று ஒரு பத்தி இருக்கத்தான் செய்கிறது. அதை அவன் கேட்காமலே அவள் சொன்னாளே, அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

மாலையில் மூரனூப் பகுதிக்கு நடந்தோம். பழைய நகரத்திலிருந்து அதிக தூரம் இல்லை. போருக்கு முன் வார்சாவில் மூன்றரை லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். 1940-இல் அவர்களைச் சுவரெழுப்பி அடைத்த இடத்தின் ஒரு பகுதி இது. 1942 கோடையில் இங்கிருந்து இரண்டரை லட்சம் பேருக்கு மேல் திரெப்லிங்காவுக்கு அனுப்பிக் கொன்றார்கள். 1943 ஏப்ரலில் எஞ்சியவர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அதற்குத் தண்டனையாகப் பேட்டை முழுவதும் தரைமட்டமாயிற்று.

போருக்குப் பின் இந்தப் பேட்டையைப் பழையபடி யாரும் கட்டவில்லை. அள்ளி மாளாத இடிபாட்டைப் பரப்பி, அதன் மேலேயே சாதாரணக் குடியிருப்புகளை எழுப்பிவிட்டார்கள். ஆகவே பல வீடுகள் தெருவைவிட உயர்ந்த மேட்டில் நிற்கின்றன. படியேறித்தான் போக வேண்டும். நண்பன் அப்படி ஒரு படியில் உட்கார்ந்து, "இதற்குக் கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டான்.

"வீடுகள்" என்றாள் அவள்.

அருகிலேயே, அங்கே போராடி மடிந்தவர்களுக்கு 1948-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது. 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் மண்டியிட்டது அதன் முன்னால்தான். நண்பன் அங்கே நெடுநேரம் நின்றான். நாங்கள் தள்ளி நின்றுகொண்டோம்.

அப்போதுதான் காலையில் எழுந்த கேள்வியின் மறுபக்கம் எனக்குப் புலப்பட்டது. வீட்டை மறுபடி கட்ட முடியும். அதைத் தன் வீடு என்று சொல்ல ஆள் திரும்பி வந்தால் அது பழைய வீடேதான். பாட்டி திரும்பி வந்தாள். ஆகவே சதுக்கம் பொய்யில்லை. மூரனூப்புக்குத் திரும்பி வர அநேகமாக யாருமே இல்லை. அங்கே பழைய முகப்புகளை வர்ணம் பூசி நிறுத்தியிருந்தால் அது எவ்வளவு பெரிய பொய்யாக இருந்திருக்கும்! நகல் எடுப்பதில் பாவம் இல்லை. எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் பாவம்.

ரயிலுக்குப் போகும் வழியில் அரண்மனைச் சதுக்கத்தைக் கடந்தோம். 1644-இல் மன்னர் சிக்மண்டுக்காக எழுப்பிய தூண் அங்கே இருக்கிறது. 1944-இல் வீழ்த்தப்பட்ட அதை 1949-இல் புதுக் கல்லில் மீண்டும் நிறுத்தினார்கள். உச்சியில் மன்னரின் சிலை பழையதே. உடைந்த பழைய கல்லை அவர்கள் எறிந்துவிடவில்லை. சற்றுத் தள்ளி அரண்மனை ஓரத்தில் கிடத்தியிருக்கிறார்கள். புதியது நிற்கிறது, பழையது பக்கத்தில் படுத்திருக்கிறது.

ஜெர்மானிய நண்பன் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தான். "காலையில் திரைச்சீலை என்று சொன்னேனே..." என்று தொடங்கினான். அவள் அவனை முடிக்கவிடவில்லை. "ரயிலுக்கு நேரமாகிறது" என்று அவன் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள்.