மஷூராவும் அனுமதியும்

பதுளை, பசறை, லுணுகலைப் பக்கங்களில் ஒருவரை நெடுநாளைக்குப் பிறகு கண்டால், சலாத்துக்கு அடுத்ததாகக் கேட்பது "என்ன, மெலிஞ்சி போயிட்டீங்க?" என்பதைத்தான். அதில் கவலையும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது. இம்மலைகளில் மெலிவு நோயின் பெயராகவும் வறுமையின் பெயராகவும் இருந்து வந்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 32 வீதம். ரொட்டித் துண்டொன்றும் பிளேன்டியும் மட்டும் வயிற்றிலிருக்க வகுப்புக்கு வரும் பிள்ளைகளை நான் நாளும் காண்கிறேன். இப்படியான மண்ணில் ஒருவர், "என் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டார் பதறாமல் என்ன செய்வார்கள்?

என் தங்கை சென்ற வருடம் அப்படிச் சொன்னாள். வயது 41, உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 118 கிலோ. உடற்றிணிவுச் சுட்டி 47. பத்து வருடமாகச் சீனி வருத்தம். இரவில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மாநாடு 1991 இல் வகுத்த அளவுகோலின்படி, சுட்டி 40ஐத் தாண்டியவர்களுக்கும், 35ஐத் தாண்டிக் கடும் நோயும் உள்ளவர்களுக்கும் இச்சத்திரசிகிச்சையை யோசிக்கலாம். 2022 இல் சத்திரசிகிச்சை நிபுணர் சங்கங்கள் இவ்வெல்லைகளை மேலும் தாழ்த்தின. எந்த அளவுகோலால் அளந்தாலும் இது அழகுக்கான ஆசையல்ல.

வீட்டில் எல்லோரும் கூடினோம். உம்மா, "அல்லாஹ் தந்த வயித்த வெட்டி எறியிறதா மகள்?" என்றார். மாமா, "வாயக் கட்டினாப் போதும்" என்றார். தங்கையின் கணவர் பேசவில்லை. பிள்ளைகளைப் பார்த்தபடி இருந்தார். தங்கை சொன்னாள்: "நான் கேக்க வரல்ல உம்மா, சொல்லத்தான் வந்தன்."

அந்த வார்த்தைதான் இக்கட்டுரையின் கேள்வி. தன் உடல் பற்றிய முடிவை ஒருவர் குடும்பத்திடம் கேட்க வேண்டுமா, சொன்னால் போதுமா?

முதலில் வீட்டாரின் அச்சங்களைத் தனித்தனியே பிரிக்க வேண்டும். ஒன்றாகக் கட்டிப் போட்டால் எதற்கும் பதில் கிடைக்காது.

உம்மாவின் அச்சம் மார்க்கம் சார்ந்தது. படைப்பை மாற்றுவது பற்றிய எச்சரிக்கை சூறா நிஸாவின் 119 ஆம் வசனத்தில் இருக்கிறது. ஆனால் நோயை நீக்குவதற்காக உடலில் கை வைப்பது அந்த எச்சரிக்கைக்குள் அடங்காது. அர்பஜா (ரழி) அவர்கள் ஒரு போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் செய்து வைத்தது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபியவர்கள் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், ஒரு மனிதனின் இடர் நீங்குவதற்காக அந்த விலக்குத் தளர்ந்தது. மருந்து செய்துகொள்ளும்படி ஏவிய மார்க்கம், கத்தி கண்டதும் பின்வாங்குவதில்லை.

மாமாவின் வார்த்தை அச்சமன்று, தீர்ப்பு. வயிற்றில் மூன்றிலொன்று உணவுக்கு, ஒன்று நீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்ற நபிவழியை அவர் ஓதிக் காட்டினார். அது நம் எல்லோருக்குமான ஒழுக்கம். நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கான சட்டமல்ல. உடல் தன் எடையைக் காக்கப் போராடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு வருடங்களுக்குப் பின் பரிசோதித்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. ஆனால் ஓய்வில் உடல் எரிக்கும் சக்தியோ எதிர்பார்க்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலிருந்தே சுரக்கிறது. இரைப்பையை ஒரு குழாய்போல் ஒடுக்கும் சத்திரசிகிச்சையில் நீக்கப்படுவது அந்தப் பகுதிதான். ஆகவே இது வாயைக் கட்டச் சோம்பியவரின் குறுக்குவழியல்ல. பின்னும் பல கிழமைகள் நீராகாரம், ஆயுள் முழுதும் விற்றமின், இரும்புச்சத்துக் குளிசைகள், தவறாத இரத்தப் பரிசோதனை என்று வாயைக் கட்டும் வேலை தொடர்ந்து இருக்கிறது.

கணவரின் மௌனத்தில் இருந்தது மரண அச்சம். அதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது, கணக்குத்தான் சொல்ல வேண்டும். சுவீடனில் 1987 இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு 4,047 பேரைப் பின்தொடர்ந்தது. 2007 இல் வெளியான முடிவின்படி, சராசரியாகப் பதினொரு வருட அளவில், சத்திரசிகிச்சை செய்த 2,010 பேரில் 101 பேரும், செய்யாத 2,037 பேரில் 129 பேரும் இறந்திருந்தனர். செய்தவர்களில் ஐவர் முதல் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல அது. அன்றைய சத்திரசிகிச்சை முறைகளும் வேறு. ஆயினும் இரு பக்கமும் மரணம் நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2017 இல் சுமார் 500 கிலோ எடையோடு எகிப்திலிருந்து மும்பைக்குக் கொண்டுவரப்பட்ட பெண்ணை உலகமே பேசியது. அங்கே சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு அவருடைய சகோதரிக்கும் வைத்தியர்களுக்கும் பகிரங்கமாகப் பிணக்கு மூண்டது. அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டு அவ்வருடம் செப்டெம்பரில் காலமானார். 2024 ஏப்ரலில் சென்னையில், எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் போன 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். தமிழ்நாடு அரசு விசாரணை நடத்தி அம்மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. இவற்றை வீட்டாரிடம் மறைத்துவிட்டு "ஒன்டும் ஆகாது" என்று சொல்வது ஆறுதல் அல்ல, ஏமாற்று.

இன்னொரு அச்சம் உண்டு. அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. நம் கலியாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறுபேர் அமர்கிறோம். ஒருவர் கை நிறுத்தினால் மற்றவர் கையும் தயங்கும். நாலு வாய்க்கு மேல் உண்ண முடியாதவர் அந்த வட்டத்தில் எப்படி அமர்வார்? "இனி நம்மோட உக்காந்து தின்ன மாட்டா" என்று உம்மா பின்னர் முணுமுணுத்ததில்தான் அவருடைய முதற்கேள்வியின் வேர் இருந்தது. இது உண்மையான இழப்பு. இதற்குப் பதவா இல்லை, பழகிக்கொள்வது மட்டுமே உண்டு. சஹனில் அமர்வதற்கு வயிறு நிறைய வேண்டியதில்லை. கூட இருந்தால் போதும் என்பதை நாம்தான் பழக வேண்டும்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். ஸல்மான் (ரழி) அவர்கள் அபூதர்தா (ரழி) அவர்களுக்குச் சொன்ன புத்தியை நாமறிவோம். இறைவனுக்கும் உரிமையுண்டு, உனக்கும் உன்மீது உரிமையுண்டு, குடும்பத்துக்கும் உரிமையுண்டு; அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடு என்பது அதன் கருத்து. நபியவர்கள் அதை உண்மை என்றார்கள். ஆகவே "என் உடல், என் இஷ்டம்" என்பதும் நம் பேச்சல்ல, "எங்கள் பிள்ளை, எங்கள் தீர்மானம்" என்பதும் நம் பேச்சல்ல. உடல் அமானிதம். அமானிதத்தைக் காக்கும் பொறுப்பு யார் கையில் ஒப்படைக்கப்பட்டதோ, கணக்கும் அவரிடமே கேட்கப்படும்.

ஆலு இம்ரானின் 159 ஆம் வசனம் ஓர் ஒழுங்கைக் காட்டுகிறது. முதலில் கலந்தாலோசனை, பிறகு உறுதி, பிறகு தவக்குல். ஆலோசிப்பது பலரோடு, உறுதிகொள்ளும் சொல்லோ அரபியில் ஒருமை. உஹதில் நபியவர்கள் பிறர் கருத்தை ஏற்று வெளியே சென்றார்களே என்று கேட்கலாம். அது ஊரின் விவகாரம், ஊரே இரத்தம் சிந்த வேண்டியிருந்தது. சத்திரசிகிச்சை மேசையில் படுப்பவர் ஒருவர்தான்.

அப்படியானால் குடும்பத்துக்கு என்ன உரிமை? உண்மையைக் கேட்கும் உரிமை. அபாயத்தை மறைக்காமல் அறியும் உரிமை. வைத்தியர் முன் அமர்ந்து கேள்வி கேட்கும் உரிமை. இது வெறும் சம்பிரதாயமல்ல. எங்கள் வீட்டில் அந்த உரிமையைப் பாவித்த பிறகு மூன்று நிபந்தனைகள் பிறந்தன: தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது, இரண்டாவது நிபுணர் ஒருவரிடமும் காட்டுவது, அதிதீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் செய்யாமலிருப்பது. மூன்றையும் கேட்டவர் பேசாமலிருந்த கணவர். தங்கை மூன்றையும் ஏற்றாள். முடிவு மாறவில்லை. ஆனால் அது முன்னைவிடப் பாதுகாப்பான முடிவானது.

அச்சம் தடையாக வந்தால் பிள்ளைகள் நம்மிடம் மறைக்கத் தொடங்குவார்கள். மறைத்துச் செய்த வைத்தியத்துக்குத் துணை நிற்க ஆளிராது. அச்சம் கேள்வியாக வந்தால், அது படுக்கையருகே அமரும் உறவாக மாறும். வீட்டார் கொடுக்க வேண்டியது அனுமதியல்ல, மஷூரா. அதைக் கொடுத்த பின் கை உயர்த்தித் துஆக் கேட்பதும் நம் கடமையே.